மூன்றாம் பேஸ் பக்கம் போன பந்து

ஆகஸ்ட் 13, செவ்வாய்

லீக் ஆபீஸிலிருந்து மெயில். ரொம்ப மரியாதையான மெயில். இந்த ஊர்க்காரர்கள் திட்டுவதென்றாலும் நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். லீக்கில் உள்ள எட்டு பேஸ்பால் மைதானங்களில் எங்கள் கார்வர் ஃபால்ஸ் மைதானத்தில்தான் இந்த சீசனில் மிகக் குறைவாக 'எரர்' பதிவாகியிருக்கிறதாம். மற்ற இடங்களில் எழுபது, எண்பது. இங்கே முப்பத்தொன்று. "உங்கள் அளவுகோலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்" என்று முடித்திருக்கிறார் மிஸ்டர் லீலண்ட். கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு யார் ஸ்கோரர் என்பதை சீசன் முடிவில் சொல்வாராம்.

என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். டிராக்டர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோல் பார்ப்பவர். தலைமுடி அளவு கூடக்குறைய இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிற ஆள்.

"நீ அள்ளி அள்ளி மார்க் போடுற டீச்சர்னு சொல்றாங்க" என்றார்.

"போட்டா என்னவாம்?"

"எல்லாரும் பாஸுன்னா பரீட்சை எதுக்கு, கோதை?"

இவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? திருச்சியில் ரயில்வே ஆபீஸ் வேலைக்கு நடுவே முப்பது வருஷம் மாவட்ட கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதினவள் நான். அங்கே ஸ்கோரர் வாயே திறக்க வேண்டாம். அம்பயர் கையைக் காட்டுவார். நாம் பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுத வேண்டியதுதான். லட்டு மாதிரி வந்த கேட்சை விட்டவன் பெயர்கூட அந்த நோட்டில் ஏறாது. விட்டான், அவ்வளவுதான், அடுத்த பந்து.

இந்தியாவை விட்டு அமெரிக்காவின் இந்தியானாவுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இங்கே ஸ்கோரர்தான் நீதிபதி. பேட்டர் அடித்த பந்தைச் சாதாரணமாகப் பிடித்திருக்கலாம், ஆனால் விட்டுவிட்டான் என்றால் ஃபீல்டர் பெயருக்கு நேரே எரர். யாராலும் பிடித்திருக்க முடியாது என்றால் பேட்டருக்கு ஹிட். எது என்று ஐந்து விநாடியில் நான் சொல்லவேண்டும். ஒருத்தன் தப்பை அவன் பெயருக்கு நேரே எழுத எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. ஹிட் என்று சொல்லிவிட்டால் பேட்டருக்கும் சந்தோஷம், ஃபீல்டருக்கும் நிம்மதி. யாருக்கு என்ன நஷ்டம்?

ராத்திரி ரசத்தில் சீரகத்துக்குப் பதில் ஓமம் விழுந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே மாதிரி டப்பா வாங்கி வந்தவர் இவர்தான். குடிக்கட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எனக்கு இன்னும் விளங்காத விஷயம் ஒன்று: புதுப் பந்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் இவர்கள் அதன்மேல் சேறு பூசுகிறார்கள்! இதற்கென்றே ஒரு ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்த சேறாம், டப்பாவில் வருகிறது. நம் பையன்கள் பந்து பளபளவென்று இருக்கவேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து வெள்ளை பேண்ட்டையே சிவப்பாக்குவார்கள். இங்கே பளபளப்பு போனால்தான் பந்து வீசும் பிட்சருக்குப் பிடி கிடைக்குமாம். இன்று உடைமாற்றும் அறை வாசலில் நின்று பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தேன். ஒரு பந்துக்கு முப்பது விநாடி. சப்பாத்தி மாவு உருட்டுகிற மாதிரியேதான் உருட்டுகிறார்கள்.

பிரஸ் பாக்ஸில் என் பக்கத்து நாற்காலி பார்ப் நோல்டிங். மைக்கில் அறிவிப்பவள். இரண்டு வருஷம் முன்னால் நூலகத்தில் நான் டிவி ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்தவள் அவள்தான். பூங்கோதை என்ற பெயரை வாயில் போட்டுக் குதப்பிப் பார்த்துவிட்டு 'கோடி' என்று வைத்துவிட்டாள். பரவாயில்லை, லட்சம் என்று வைக்கவில்லை.

எங்கள் டீம் பெயர் ஹெரான்ஸ். நாரைகள். இன்றும் ஜெயித்தார்கள். நான்கு டீம்தான் பிளே-ஆஃபுக்குப் போகும். எங்களுக்கும் டன்மோருக்கும் அந்த நான்காவது இடத்துக்குத்தான் இழுபறி.

இன்று பந்து வீசியது டேல் ஹாக்கன்சன். முப்பத்தைந்து வயது. பதினான்கு வருஷமாக ஊர் ஊராக, டீம் டீமாக வீசுகிறவன். பெரிய லீக் பக்கம் ஒரு நாள்கூட மழைக்கு ஒதுங்கியதில்லை. இந்த சீசனோடு நிறுத்திவிட்டு மாமனாரோடு கூரை போடும் வேலைக்குப் போகிறானாம். அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். அப்பா வீசும்போது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏன் கண்ணைப் பொத்தாமல் காதைப் பொத்துகிறது? கேட்கவேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மழை. ஆட்டம் இல்லை. தக்காளிச் செடி சாய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இப்போதெல்லாம் மைதானத்துக்கு இவர்தான் காரில் கொண்டுவிடுகிறார். எதிரே வருகிற கார்களில் என்ன விளக்குதான் வைக்கிறார்களோ, ஒவ்வொன்றும் விரிந்து விரிந்து பூவாணம் மாதிரி தெரிகிறது. அரசாங்கம் கேட்பதில்லை போலிருக்கிறது.

பைனாகுலர் ஒன்று வாங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மரத்தில் சிவப்புப் பறவை ஒன்று வருகிறது, அதைப் பார்க்கத்தான். ஆட்டத்தின்போதும் கழுத்தில் கிடக்கட்டும் என்று போட்டுக்கொண்டேன். பார்ப் ஒரு மாதிரி பார்த்தாள்.

பார்பிடம் ஒரு நல்ல குணம், ஒவ்வொரு பந்தையும் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "தரையோட போகுது... ஷார்ட் ஸ்டாப் எடுத்துட்டான்... ஆஹா, என்ன வீச்சு." அவள் முணுமுணுப்பில்லாமல் ஆட்டம் பார்த்தால் உப்பில்லாத மாதிரி இருக்கும்.

ஒரு எரர்கூடப் போடவில்லை. போடவேண்டிய பந்து எதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கண் கிளினிக்கிலிருந்து கார்டு வந்தது, வருடாந்திரப் பரிசோதனைக்கு. அதில் ஆந்தைக்குக் கண்ணாடி போட்டுப் படம். பழக்கூடைக்கு அடியில் வைத்தேன். சீசன் முடியட்டும். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த வேலை இது ஒன்றுதான். நடுவில் விட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த டைரி அச்சடித்தவன் கோட்டை மிகவும் மங்கலாகப் போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 31, சனி

டன்மோர் டீம் வந்திருக்கிறது. இன்று அவர்கள் ஜெயித்தார்கள், ஆறுக்கு ஐந்து. இப்போது இரண்டு டீமும் சரிசமம். நாளை மதியம் கடைசி ஆட்டம். ஜெயிப்பவர் பிளே-ஆஃபுக்கு, தோற்பவர் வீட்டுக்கு.

நாளை டேல்தான் வீசுகிறான். கடைசி முறையாக இருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். இவர் புளியோதரை கட்டித்தரச் சொன்னார், பார்புக்கும் சேர்த்து. முதல் தடவை "இந்தச் சாதத்துல என்ன கோபம் இவ்வளவு?" என்று கேட்டவள், இப்போது டப்பாவை வழித்துச் சாப்பிடுகிறாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு ஆரம்பம். கூட்டம் நாலாயிரத்துக்கு மேல், ஊரில் பாதி. மூன்றாவது இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரு ரன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. ஒன்று, சைபர். அப்படியே இழுத்துக்கொண்டு போனது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து நோட்டைப் பார்த்தேன். டன்மோர் கட்டம் முழுக்க வெறுமையாக இருந்தது. "பார்ப், இதுவரைக்கும் டேல் ஒரு ஹிட்கூட..." என்றேன். அவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் புளியோதரை வாசனை.

"சொல்லாதே! யாரும் சொல்லக் கூடாது!"

பிட்சர் ஒருவன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடிப்பது இந்த ஆட்டத்திலேயே அபூர்வமான விஷயம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு வாழ்நாளில் கிடைக்காது. கிடைத்துவிட்டால் அவன் பெயர் புத்தகத்தில் நின்றுவிடும். அது நடந்துகொண்டிருக்கும்போது வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடுமாம். கீழே பார்த்தால், டேல் பெஞ்சின் ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு இரண்டு பக்கமும் ஆறடிக்கு ஒரு ஆள் இல்லை. கூட ஆடுகிறவர்கள் முகம்கூடப் பார்ப்பதில்லை. திருஷ்டிக்கு நாம் பூசணிக்காய் உடைப்போம், இவர்கள் வாயைக் கட்டுகிறார்கள். நாலாயிரம் பேர் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை இன்று நேரில் பார்த்தேன், எனக்கே நம்பமுடியவில்லை.

ஆறு, ஏழு இன்னிங்ஸ் போயிற்று. ஸ்கோர் போர்டில் டன்மோருக்கு நேரே ரன் சைபர், ஹிட் சைபர்.

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு அவுட். மணி நாலாகப் போகிறது. எந்த மகாராசன் திசை பார்த்து இந்த மைதானத்தைக் கட்டினானோ, அந்நேரத்து வெயில் நேரே எங்கள் ஜன்னல் கண்ணாடியில் வந்து விழும். டன்மோர் ஆள் ஒருவன் தரையோடு அடித்தான். பந்து மூன்றாம் பேஸ் பக்கம் போனது. அங்கே நின்ற நம் வால்டோ பெனா அதைப் பிடிக்கவில்லை. அடித்தவன் முதல் பேஸில் போய் நின்றான். இதுதான் நடந்தது.

மைதானம் அப்படியே அடங்கிப் போயிற்று. ஒரு குழந்தை அழுதது கேட்டது. முதலில் எல்லாரும் ஸ்கோர் போர்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி மேலே, எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். பார்ப் அந்தப் பந்துக்கு மட்டும் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. மைக் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "கோடி?"

"எரர். மூணாம் பேஸ்" என்றேன்.

பார்ப் மைக்கில் சொன்னாள். நாலாயிரம் பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள், பிறகு கத்தினார்கள். பந்தைப் பிடிக்காததற்கு இப்படி ஒரு கைத்தட்டல் வாங்கியவன் உலகத்திலேயே வால்டோ ஒருவனாகத்தான் இருப்பான். இருபத்திரண்டு வயதுப் பையன், டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்தவன். தோளைத் தடவிக்கொண்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு நின்றான். இவ்வளவு சுலபமாக என் வாயில் எரர் வந்ததே இல்லை. மிஸ்டர் லீலண்ட் சந்தோஷப்படுவார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசிப் பந்து வானத்துக்கு எழும்பி, இறங்கி, கையில் விழுந்தது. மணி நாலு முப்பத்திரண்டு. ஒன்று, சைபர். ஹிட் சைபர். டேல் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். ஐஸ் தண்ணீர் ட்ரம்மை அவன் தலையில் கவிழ்த்தார்கள். அவன் பெண் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடிவந்தது. கடைசிப் பந்தை அதன் கையில் கொடுத்தான். பார்ப் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

காரில் வரும்போது இவர் கேட்டார். ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாராம். "அந்த மூணாம் பேஸ் பந்து எப்படி இருந்துச்சு?"

"எரர்ங்க."

"அது சரி. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

பசிக்கிறது என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

விடுமுறை. இவருக்கு வேலை இல்லை. காபி குடித்ததும் டிவியைப் போட்டு, டீம் தளத்தில் ஏற்றியிருந்த வீடியோவைத் தேடி எடுத்தார். நான் டிவிக்கு ஒரு அடி தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்தார்.

எட்டாவது இன்னிங்ஸ் வந்தது. பந்து தரையோடு போகிறது. வால்டோ குனிகிறான், கை சரியான இடத்தில்தான் இருக்கிறது.

"இது குதிச்சுதே, கோதை" என்றார் இவர்.

"திரும்பப் போடுங்க."

பதினோரு தடவை போடச் சொன்னேன். புல்லும் மண்ணும் சேருகிற விளிம்பில் ஏதோ மேட்டில் பட்டு, தரையோடு வந்துகொண்டிருந்த பந்து சட்டென்று எகிறி வால்டோவின் தோளில் அடிக்கிறது. விதிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. இயல்புக்கு மாறாகக் குதித்த பந்து என்றால் ஹிட். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. இவருக்கு பேஸ்பால் ஒரு எழுத்துத் தெரியாது, அவரே ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

தீர்ப்பை மாற்ற ஸ்கோரருக்கு ஆட்டம் முடிந்ததிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் உண்டு. அதாவது இன்று நாலு முப்பத்திரண்டு வரைக்கும். மாற்றினால் டேலுடைய ஆட்டம் ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம் ஆகிவிடும். அப்படி ஆட்டங்கள் எத்தனையோ, யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாற்றாவிட்டால் வால்டோ பெயரில் ஒரு எரர், அவ்வளவுதான். ஜெயித்தது ஜெயித்ததுதான், அதில் மாற்றமில்லை. டன்மோரிலிருந்து யாரும் அப்பீல் செய்யவில்லை. ஊர் முழுக்க இன்று ஒரே பேச்சு. பேக்கரிக்காரர் பேஸ்பால் வடிவத்தில் கேக் செய்து ஜன்னலில் வைத்திருக்கிறார்.

"மைதானத்துக்குப் போகலாம்" என்றேன்.

பதினோரு மணிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வால்டோவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கண்ணிமைக்காமல் பொய் சொன்னான்.

"என் தப்புதான் மேம். பிடிச்சிருக்கணும்."

"சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுப்பா."

தயங்கினான். பிறகு காலரை இழுத்தான். கழுத்தெலும்புக்குக் கீழே தோசைக்கல் பட்ட மாதிரி சிவந்திருந்தது. மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய்ப் பார்த்தேன். பந்தின் தையல், ஒவ்வொரு தையலும், தோலில் அச்சாக விழுந்திருந்தது. தரையோடு வந்த பந்து கழுத்தெலும்புக்கு எப்படி வரும்?

"டேல் நல்ல மனுஷன் மேம்" என்றான். "எனக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கு. ஒரு எரர் ஒண்ணும் பண்ணாது."

டேல் பெஞ்சில் தோளுக்கு ஐஸ் கட்டி உட்கார்ந்திருந்தான். ஆட்டக்காரர்கள் ஸ்கோரரிடம் தீர்ப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி. ஸ்கோரர் போய்ப் பேசக்கூடாது என்று விதி இருக்கிறதா, தெரியவில்லை. வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"நேத்து என்ன பார்த்தீங்க, மேம்?"

"பார்க்கல."

"என்னது?"

"நேத்து நான் அந்தப் பந்தைப் பார்க்கல. வெயில். வெயிலும் இல்ல, என் கண்ணு. ஏப்ரல்லேருந்தே சரியில்ல. பார்ப் முணுமுணுக்கறதைக் கேட்டுத்தான் பாதி எழுதினேன். நேத்து அவ பேசல."

இதை இவரிடம்கூட நான் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதியதில்லை.

டேல் ஐஸ் பையை அவிழ்த்துக் கீழே போட்டான். "என் பொண்ணு அந்தப் பந்தைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கினா. பதினாலு வருஷம் மேம். ஒரு நாள். ஒரே ஒரு நாள்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரியாது. எதுக்கு எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

எதுக்கு? எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவன் 'பரவாயில்லை, மாற்றிவிடுங்கள்' என்று சொல்லவேண்டும், இல்லை 'விட்டுவிடுங்கள்' என்று கெஞ்சவேண்டும், இரண்டில் ஒன்றை நான் எழுதிக்கொண்டு போகவேண்டும். முப்பது வருஷப் பழக்கம். அம்பயர் கையைக் காட்டட்டும் என்று அவன் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

"தப்புதான்" என்றேன். "உங்ககிட்ட வந்திருக்கக் கூடாது."

அவன் எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். இவர் சாப்பிட்டார், நான் சாப்பிடவில்லை. மூன்று பத்துக்கு மிஸ்டர் லீலண்டுக்கு போன் செய்தேன்.

"யாராவது அப்பீல் பண்ணாங்களா?" என்றார்.

"இல்ல."

"பின்னே?"

"பந்து குதிச்சது. ஹிட். நான் எரர்னு சொன்னது தப்பு."

"மிசஸ் அருணகிரி, இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும் சார். இன்னொரு விஷயம், என் கண்ணைப் பத்தி. அதைத் தனியா எழுதி அனுப்பறேன்."

செப்டம்பர் 3, செவ்வாய்

பேப்பரில் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பேக்கரி ஜன்னலில் கேக் இல்லை. கடையில் பில் போடுகிற பெண், எப்போதும் மழை வெயில் விசாரிப்பவள், இன்று என் காலிஃபிளவரைத் தூக்கி எறியாத குறை. பார்ப் போனை எடுக்கவில்லை. டேலிடம் நிருபர் கேட்டதற்கு, "ஸ்கோரர் சொன்னா ஸ்கோரர் சொன்னதுதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதை நாலு தடவை படித்தேன். கோபமா, இல்லையா? எழுத்தில் குரல் கேட்பதில்லையே.

பிளே-ஆஃபுக்கு வேறு ஸ்கோரர். மிஸ்டர் லீலண்ட் மறுபடி நன்றி சொல்லித்தான் ஆரம்பித்திருந்தார்.

சாயங்காலம் இவரிடம் கண்ணைப் பற்றி முழுதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஓமம் போட்ட ரசத்தைக் குடிச்சவன் நானு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். நீயா சொல்லுவேன்னு இருந்துட்டேன். என் தப்பும் இருக்கு."

இவர் வாயில் இந்த வார்த்தை வந்தது கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இரண்டாவது முறை. சந்தோஷப்படக்கூட மனசில்லை. மனசு விட்டு அழுதேன். வேலை போனதற்கு அழுதேனா, அந்தக் குழந்தையின் தலையணைக்கு அழுதேனா, தெரியவில்லை.

செப்டம்பர் 4, புதன்

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் ஆபரேஷன் பதினேழாம் தேதி. "இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார் டாக்டரம்மா. சமாளிக்கவில்லை என்றேன்.

புது லென்ஸ் வைத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியுமாம். இப்போது நான் வெள்ளை என்று நினைப்பதெல்லாம் பழுப்பாம். அப்படியானால் பந்தை இத்தனை நாள் என்ன நிறத்தில் பார்த்தேன்? சேறு பூசியது எனக்கு மட்டும் இரட்டைச் சேறாகத் தெரிந்ததோ? ஆபரேஷன் முடிந்ததும் முதலில் அதைப் பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

பார்ப் கூப்பிட்டாள். குரல் விறைப்பாகத்தான் இருந்தது. "டீம் ஆபீஸ் போன்ல உனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. நீயே கேளு" என்று ஆபீஸ் போனுக்கு முன் தன் போனை வைத்துப் போட்டுக் காட்டினாள்.

ஒரு ஆண் குரல். இழுத்து இழுத்துப் பேசினான்.

"ஸ்கோரர் மேமுக்கு. நான் டன்மோர்ல கேட்சரா இருந்தேன். எட்டாவது இன்னிங்ஸ்ல அந்தப் பந்தை அடிச்சது நான்தான். நேத்து டீம்லேருந்து என்னை எடுத்துட்டாங்க. வயசு முப்பத்திரண்டு, இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க, அது பரவாயில்ல. அந்தப் பந்துதான் நான் கடைசியா அடிச்சது. ஜூலை கடைசிலேருந்து எனக்கு ஒரு ஹிட்டும் வரல. இப்ப எங்கம்மா பேப்பரைப் பார்த்துட்டுக் கேக்கறாங்க, அது நிஜமான ஹிட்டா, இல்ல பாவம்னு குடுத்ததான்னு. எனக்கே தெரியல மேம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடினேன், பந்து எங்க போச்சுன்னு பார்க்கல. வீடியோ பார்க்கவும் பயமா இருக்கு. நீங்க சொன்னா நல்லா இருக்கும்." ஒரு நம்பர் சொன்னான். வைத்துவிட்டான்.

பார்ப் மறுபடி லைனுக்கு வந்தாள். "அவனை நான் யோசிக்கவே இல்ல, கோடி" என்றாள். குரலில் விறைப்பு போயிருந்தது.

"நானும்தான்."

அந்த நம்பருக்கு நானே அடித்தேன். இவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"நான்தான் ஸ்கோரர்" என்றேன். "பாவம் பார்த்து நான் நிறைய ஹிட் குடுத்திருக்கேன். இந்த சீசன் முழுக்கக் குடுத்தேன். இது அது இல்ல. பந்து விளிம்புல பட்டுக் குதிச்சது. மூணாம் பேஸ்ல யார் நின்னிருந்தாலும் பிடிச்சிருக்க முடியாது. ஹிட்."

"நிச்சயமா, மேம்?"

"பதினோரு தடவை பார்த்தேன்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவனா, அவன் அம்மாவா, தெரியவில்லை. "சரி மேம்" என்றான். "சரி."

வைத்த பிறகு இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். டேல் பெயர் இருக்கிறது. வால்டோ பெயர் இருக்கிறது. டேல் பெண்ணின் தலையணை இருக்கிறது, பேக்கரி கேக் இருக்கிறது, காலிஃபிளவர்கூட இருக்கிறது. இவனை 'டன்மோர் ஆள் ஒருவன்' என்று எழுதியிருக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நாள் கேட்டு எழுதியிருக்கிறேன். போனில் பேசும்போதும் பெயர் கேட்கத் தோன்றவில்லை. எழுந்து போய் ஸ்கோர் நோட்டை எடுத்து வந்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எரரை அடித்துத் திருத்தியிருந்த என் கையெழுத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

வெஸ்லி டோரன்ஸ், கேட்சர், டன்மோர். எட்டாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். ஹிட்.